சுண்ணாம்புக் கணக்கு

மாமல்லபுரம் போய்விட்டுக் கிளிஞ்சல் மாலை வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. அதே கிளிஞ்சலைச் சூளையில் போட்டுச் சுட்டால் பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரியில் ஒரு பாடம் பாதி முடிந்துவிடும்.

கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுத்தமானதாக 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பாக்கி 44 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாகக் காற்றோடு போச்சு. இது சிதைவு வினை. அந்த 56 கிலோ, 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். சேர்க்கை வினை. சுவரில் பூசினபிறகு, விட்டுப்போன 44 கிலோவைக் காற்றிலிருந்து மெள்ள மெள்ளத் திரும்ப வாங்கிக்கொண்டு, 18 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் காரை இப்படித்தான் மறுபடி கல்லானது.

சுண்ணாம்பில் கணக்கு தானாகவே டாலியாகிவிடும். சோடியம் அப்படியில்லை. தண்ணீரோடு சேர்ந்தால் சோடியம் ஹைட்ராக்ஸைடு, ஹைட்ரஜன் என்று எழுதிவிட்டு எண்ணிப் பார்த்தால் வலப்பக்கம் ஒரு ஹைட்ரஜன் அதிகம். என்னிடம் செங்கல்பட்டில் பாடம் கேட்க வரும் ஒரு பெண், ஹைட்ரஜனின் காலடியில் இருந்த 2-ஐ அழித்துவிட்டுச் சிரித்தாள். கணக்கு சரி, ஹைட்ரஜன்தான் தப்பு. அந்த வாயு ஜோடியாகத்தான் இருக்கும். காலடியில் கை வைக்காதே, முன்னால் எண் போடு: இரண்டு சோடியம், இரண்டு தண்ணீர், இரண்டு ஹைட்ராக்ஸைடு, ஒரு ஹைட்ரஜன். (கல்பாக்கத்தில் 1985-ல் இயங்க ஆரம்பித்த வேக ஈனுலையில் உருகிய சோடியம்தான் ஓடுகிறது. தண்ணீர் கசிந்து கலந்தால் காட்டிக்கொடுப்பது இதே ஹைட்ரஜன்.)

அவள் அப்பா வெள்ளையடிக்கிறவர். சுண்ணாம்புக் கணக்கைச் சொன்னபோது ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல அந்தச் சூடு எங்க சார்?"

"எந்தச் சூடு?"

"டிரம்முல சுண்ணாம்பைப் போட்டு மேல தண்ணி ஊத்தினாரு. குபீர்னு கொதிச்சுத் தெறிச்சுது. அப்பாவுக்கு இடது கண்ணு போயிடுச்சு."

சமன்பாடு அணுக்களை மட்டும்தான் எண்ணும். நல்ல புத்தகமாக இருந்தால் கடைசியில் 'வெப்பம்' என்று ஒரு வார்த்தை போட்டிருப்பார்கள். வெப்ப உமிழ் வினை. அவள் நோட்டில் அதைச் சேர்த்தேன். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, நிறையத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே நல்ல தண்ணீரால் அரைமணி நேரம் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் சொன்னேன்.

"தனித் தாள்ல பெரிசா எழுதிக் குடுங்க சார். அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பாரு. இன்னும் வேலைக்குப் போறாரு."