கிண்டிப் புல்வெளியும் பஞ்சமி நிலமும்

தோழர்களே, சங்கரன்கோவில் பக்கம் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு மானாவாரிக் கரிசலில் உளுந்து விதைப்பும் களையெடுப்பும்தான். அதுவும் அடுத்தவர் நிலத்தில், கூலிக்கு. ஆனாலும் கிண்டியில் நடந்த வேலையை விடாமல் கவனித்தோம்.

அங்கே 160 ஏக்கர் அரசு நிலம் 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் ரேஸ் கிளப்பிடம் இருந்தது. வாடகை 614 ரூபாய் சொச்சம் (ஆண்டுக்கு!). அந்த வளாகத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. பிறகு மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டினார்கள். பூங்காவும் வரப்போகிறது. நல்லதுதான், வேளச்சேரிக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

எங்களுக்கு உறுத்துவது வேறு. திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் நம் மக்களுக்கென்று ஒதுக்கியது பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனையோடு கொடுத்தது. அதை மீட்கக் கேட்டுத்தான் 1994-இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கிளப் நிலத்தை மீட்க அரசுக்குப் பழைய காகிதம் கிடைக்கிறது. நாங்கள் மனுவோடு போனால், ‘ஏ’ பதிவேட்டைக் காணோம் என்கிறார்கள்.

இந்த வாரம் தகவல் உரிமை மனுக்கள் எழுதுகிறோம். கையெழுத்து நன்றாக இருக்கும் மாணவர்கள் வாருங்கள்.