லான்காஸ்டரில் ஒரு குதிரை வண்டி

பென்சில்வேனியாவில் மகன் வீட்டில் இருந்தபோது, லான்காஸ்டர் கவுண்டிக்கு அழைத்துப் போனான். கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. 1729-ல் உருவானது. மேற்கு எல்லையில் சஸ்குவஹானா ஆறு; வழியெல்லாம் மக்காச்சோள வயல்கள்.

அங்கே ஆமிஷ் மக்கள் நிறைய. சொந்தக் கார் கிடையாது, குதிரை வண்டிதான். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. முன்னோர் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். வீட்டில் பேசுவது இன்றும் ஒரு ஜெர்மன் வட்டார மொழிதான்.

சாலையோரக் கடையில் ஒரு பாட்டி பேரனிடம் ஏதோ சொன்னார். அதே மொழியில் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, என்னிடம் ஆங்கிலத்தில் விலை சொன்னான் பையன். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் பேரன் பக்கத்தில் நின்றிருந்தான்.

அன்று ராத்திரி அவனுக்குத் தமிழில் கதை சொன்னேன். பாதி புரியவில்லை என்றான். மறுநாளும் சொன்னேன்.