கையளவு உயிர்

என் தங்கைக்கு எட்டாம் மாதம் தொடங்குவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. கூலாயில் இருந்த அவளை ஜொகூர் பாருவில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு ஆம்புலன்ஸில் கொண்டு சென்றார்கள். புத்ராஜெயாவில் அலுவலகத்தில் இருந்த எனக்குச் செய்தி எட்டியதும் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குழந்தையும் பிறந்திருந்தது. 30 வாரமே நிரம்பிய பெண் குழந்தை. எடை 1,280 கிராம்.

தாழ்வாரத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தும் அம்மா உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழந்தையைப் பற்றியோ தங்கையைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை.

"தங்கச்சிக்குப் பால் ஊறுமாம்மா?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியின் காரணம் எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்தது. அப்பொழுது அவர் கூலாய்க்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையும் குறைமாதத்தில்தான் பிறந்தது. "உன் பாலு தண்ணியா இருக்கு, இந்தப் பிஞ்சுக்குப் பத்தாது" என்று லயத்தில் இருந்த பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா பட்டணத்துக்குச் சைக்கிளில் போய் டின் பால் வாங்கி வந்தார். காசு குறைவு, டின் பல நாள் வர வேண்டும். ஆகையால் பாலில் தண்ணீரை அதிகமாகக் கலந்தார்கள். பத்தொன்பதாம் நாள் குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், "ரெண்டு" என்பார்.

மறுநாள் காலை, பச்சிளங்குழந்தைகள் தீவிரப் பராமரிப்புப் பிரிவுக்குள் என்னைச் சிறிது நேரம் அனுமதித்தார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகுதான் உள்ளே செல்ல முடியும். வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் என் தங்கை மகள் படுத்திருந்தாள். அவளுடைய கால் என் கட்டைவிரலைவிடச் சற்றுதான் பெரியது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், மார்பில் கம்பிகள். இந்த இயந்திரங்களே இவளைக் காப்பாற்றப் போகின்றன என்று நான் நினைத்தேன்.

அப்பிரிவின் நிபுணர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் என் எண்ணத்தை ஒரு வாக்கியத்தில் மாற்றினார்.

"இயந்திரம் காலத்தை வாங்கித் தரும். மற்றதை உங்கள் தங்கைதான் தர வேண்டும்."

அவர் பொறுமையாக விளக்கினார். 37 வாரம் நிரம்பும் முன் பிறப்பதே குறைமாதக் குழந்தை. அதன் நுரையீரல் விரியத் திணறும். உடலில் கொழுப்பு இல்லாததால் சூடு நிற்காது. குடல் முதிர்ச்சி அடைந்திருக்காது. தகாத உணவு போனால் குடலே அழுகிப்போகும் நோய் வரலாம். அந்த நோயின் ஆபத்தைக் குறைப்பது தாய்ப்பால். குறிப்பாக முதல் சில நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோயை எதிர்க்கும் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. "முதல் நாள் சில துளி போதும், அம்மா" என்று அவர் என் அம்மாவிடமும் சொன்னார். அம்மா தலையை ஆட்டினார். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று முதல் தங்கை மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, நள்ளிரவிலும், பால் கறந்து சிறு புட்டியில் கொடுத்தாள். தாதியர் அதை அளந்து குழாய் வழியாகக் குழந்தைக்குச் செலுத்தினார்கள்.

நான் கலைத்திட்ட அதிகாரி. படிப்பதும், படித்ததை மாணவருக்கு ஏற்ற வகையில் தொகுப்பதும் என் தொழில். ஆகவே, மருத்துவமனையில் காத்திருந்த அந்த நாள்களில் பச்சிளங்குழந்தை மருத்துவத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் என்னும் மருத்துவரைப் பற்றி அறிந்தேன்.

மும்பையின் சயான் பகுதியில் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. அதன் அருகேதான் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்குப் போன குடும்பங்கள் உட்பட, தமிழர்கள் பல தலைமுறைகளாக நெருக்கடியான வீடுகளில் வாழும் இடம் அது. அங்குள்ள ஏழைத் தாய்மார்கள் பிள்ளை பெறுவதற்கு நாடி வருவது அந்த மருத்துவமனையைத்தான். டாக்டர் பெர்னாண்டஸ் அங்கே பச்சிளங்குழந்தைகள் பிரிவை வழிநடத்தினார்.

குழந்தைகள் அதிக எண்ணிக்கையில் இறந்துகொண்டிருந்தன. பணம் குறைவு, தாதியர் குறைவு, கருவிகள் குறைவு. இந்த நிலையில் யாராக இருந்தாலும், "இன்னும் கருவிகள் தாருங்கள்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் வேறொரு கேள்வியைக் கேட்டார். இந்தக் குழந்தைகள் எதனால் இறக்கின்றன? பல குழந்தைகளின் உயிரைப் பறித்தது தொற்றுநோய் என்பது தெரிந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி குழந்தைகளுக்குப் புட்டியில் மாவுப்பால் புகட்டப்பட்டது. தாய்மார்களோ கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவர்கள் உள்ளே வந்தால் கிருமியைக் கொண்டு வருவார்கள் என்பது அன்றைய நம்பிக்கை.

அவரும் அவருடைய குழுவினரும் அந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். மாவுப்பாலை நிறுத்தினார்கள். கதவைத் திறந்து தாய்மார்களை உள்ளே அழைத்தார்கள். கைகழுவவும், குழந்தையைத் துடைக்கவும், பால் கறந்து ஊட்டவும், உடல் சூட்டைக் கவனிக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூடத் தன் குழந்தையின் தாதியானாள். மரணங்கள் குறைந்தன.

ஆயினும் ஒரு சிக்கல் மீதம் இருந்தது. தாய் நோயுற்றிருந்தால், அல்லது பிரசவத்தில் இறந்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு யார் பால் தருவது? இதற்கு விடையாக 1989 ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி என்று அது போற்றப்படுகிறது. பால் மிகுதியாகச் சுரக்கும் தாய் விருப்பத்தோடு அதைக் கொடையளிக்கிறாள். அவளுக்கு நோய்த்தொற்று இல்லை என்பது பரிசோதித்து உறுதி செய்யப்படுகிறது. பால் 62.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, உறைநிலையில் சேமிக்கப்படுகிறது. பெரிய கருவிகளை வாங்க முடியாத ஒரு மருத்துவமனை, தாய்மார்களையே தன் செல்வமாக்கிக்கொண்டது.

அவர் மருத்துவராக மட்டும் இருக்கவில்லை; ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் இருந்தார். இளம் மருத்துவர்களைப் பயிற்றினார். தாம் கண்டதை மருத்துவ இதழ்களில் எழுதினார். பின்னர் அக்கல்லூரி மருத்துவமனையின் முதல்வராகவும் உயர்ந்தார். அத்துடன் அவர் பணி நின்றுவிடவில்லை. மருத்துவமனையில் பிழைத்து வீடு திரும்பிய குழந்தை, குடிசைப்பகுதியில் மீண்டும் நோயுறுவதை அவர் கண்டார். குழந்தையின் நலம் தாயின் உணவிலும் வீட்டின் அமைதியிலும் அடங்கியிருக்கிறது என்று உணர்ந்தார். 1999 இல் 'ஸ்னேஹா' என்ற அமைப்பைத் தோற்றுவித்து, தாராவி போன்ற பகுதிகளிலேயே பெண்களோடு பணியாற்றத் தொடங்கினார்.

இதைப் படித்தபோது நம் வட்டாரத்தில் ஒலித்த ஒரு குரலும் எனக்கு நினைவுக்கு வந்தது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் 1939 இல், கூலாயிலிருந்து அதிகத் தொலைவில்லாத சிங்கப்பூரில், ரோட்டரி சங்கத்தில் உரையாற்றினார். உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விளம்பரப்படுத்தி விற்பதால் பச்சிளங்குழந்தைகள் மடிகின்றன என்று அவர் துணிந்து கூறினார். 1948 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு அவர் முதல் தலைவரானார். அவர் பேசிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும், அந்தச் செய்தி எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து சேரவில்லை. அறிவு பிறந்தால் மட்டும் போதாது. அது தேவைப்படுவோரின் வாசல்வரை நடந்து வரவும் வேண்டும்.

ஒரு மாலை வேளையில், மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் அம்மாவிடம் டாக்டர் பெர்னாண்டஸின் கதையைச் சொன்னேன். அம்மா தேநீரைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாராவியிலயும் நம்ம சனமா?" என்றார் முதலில். பிறகு சற்று நேரம் கழித்து, "பெரிய ஆஸ்பத்திரியிலேயே புட்டிப் பால்தான் கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம், அம்மா."

"படிச்ச டாக்டருங்களுக்கே பொறவுதான் தெரிஞ்சுதா?"

"ஆமாம், அம்மா. பார்த்து, கேட்டு, எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்."

அம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் அவனைக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். இறந்துபோன குழந்தை ஆண் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு, குழந்தையின் மூச்சு சீரானதும், தாதி ஒருவர் அவளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, தங்கையின் வெற்று மார்பில் நேராகச் சாய்த்து வைத்துத் துணியால் கட்டினார். இதைக் 'கங்காரு முறை' என்கிறார்கள். 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாத ஒரு மருத்துவமனையில், டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா என்பவர் இதைத் தொடங்கிவைத்தார். பற்றாக்குறைக்கு மாற்றாக வந்த இம்முறை, பின்னர் தன் தகுதியாலேயே நிலைபெற்றது. இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கிலும் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2021 இல் வெளிவந்தது. எடை மிகக் குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்துப் பராமரித்தபோது, முன்பிருந்த முறையைவிட இறப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது.

அந்த எண்ணிக்கையை நான் பின்னர்தான் படித்தேன். அன்று நான் கண்டது வேறு. திரையில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த இதயத் துடிப்பின் எண், தங்கையின் மார்பில் சாய்ந்த சில நிமிடங்களில் மெல்ல அடங்கியது. கண்ணாடிக்கு அப்பால் நின்ற அம்மாவுக்கு அந்த எண்ணின் பொருள் தெரியாது. ஆனால், குழந்தையின் கை விரிந்ததை அவர் பார்த்தார்.

ஏழாவது வாரம் எங்கள் செல்லம் இரண்டு கிலோ எடையோடு கூலாய்க்கு வந்து சேர்ந்தாள்.

மருத்துவராக வேண்டும் என்று விரும்பும் மாணவர் பலரை நான் பள்ளிகளில் சந்திக்கிறேன். அவர்களிடம் பாதையின் நீளத்தை மறைக்காமல் சொல்வதுண்டு. நம் நாட்டில் ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, அதன்பின் பயிற்சி மருத்துவர் பணி, அதன்பின் குழந்தை மருத்துவத்தில் சிறப்புத் தகுதி, அதற்கும் பின்னர்ப் பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் தனிப்பயிற்சி எனப் பத்தாண்டுக்கும் மேல் உழைக்க வேண்டும். இரவு பகல் பாராத பணி. தன் வலியைச் சொல்லத் தெரியாத நோயாளி. இத்தனை ஆண்டுகள் கற்ற பிறகும், "நாம் செய்வதே தவறாக இருக்குமோ?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் துணிவு வேண்டும். எழுத்தறியாத ஒரு தாயிடம், "உன் உதவி எனக்குத் தேவை" என்று சொல்லும் பணிவும் வேண்டும். டாக்டர் பெர்னாண்டஸின் வாழ்வு எனக்குக் காட்டியது இவ்விரண்டையும்தான்.

என் தங்கை மகள் இப்பொழுது கூலாயில் தமிழ்ப்பள்ளி மாணவி. முதல் நாள் அவளைப் பள்ளியில் விடுவதற்கு அம்மாவும் வந்திருந்தார். பள்ளி வாயிலில் பழைய தோட்டத்துத் தோழி ஒருவர் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார்.

"உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று அவர் கேட்டார்.

அம்மா என்னையும் தங்கையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"மூணு" என்றார். "மூத்தவன் தங்கல."