வழியில் நின்ற பனியூர்தி

பழைய பனியூர்திகளைப் பேணுவோர் கூடும் கூட்டமொன்றை அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே நாம் கண்டோம். 1957-58இல் விவியன் பூக்ஸ் குழுவினர் அந்தாட்டிக்காவைக் குறுக்கே 99 நாள்களிற் கடந்தபோது உடன்சென்ற டக்கர் ஸ்னோ கற் ஊர்திகள் அம்மாநிலத்திற் செய்யப்பட்டவையே. பூக்சின் பெயரை வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

ஆயின் நம்மைக் கவர்ந்த ஊர்தி துருவம் எதனையும் கண்டதன்று. மலைமேல் அறுந்த மின்கம்பிகளைப் பொருத்தச் சென்ற தொழிலாளரைச் சுமந்தது அது. அதன் உரிமையாளரான முதியவரும் அவர்களுள் ஒருவர். அத்தொழிலாளர் பெயர் ஒன்றைத்தானும் நாம் அறியோம். எப்பாடநூலிலும் அது இல்லை.

பனியிலே மிதந்தோடும் சங்கிலிப் பட்டைகள் தார்வீதிக்கு ஆகா. ஆகவே லொறியின் பின்னே இழுவை வண்டியிலேற்றி வீடு சேர்க்க வேண்டும். முதியவரோடு நாமும் புறப்பட்டோம். ஆண்டு முழுதும் வெயிலிற் கிடந்து வெடிப்புற்ற ரயர் பாதி வழியிற் பிளந்தது. மாற்று ரயரைப் பூட்டிச் சற்றுத் தூரம் சென்றதும், கிறீஸ் வற்றிய சில்லொன்று புகையலாயிற்று. ஊர்தியின் ஆணி ஒவ்வொன்றையும் துடைத்தவர், அதனைச் சுமக்கும் வண்டியை மறந்துவிட்டார்!

“அந்நாளில் இது ஒருநாளேனும் எங்களை வழியில் விட்டதில்லை,” என்றார். அதனைத் தனியே விட்டுச்செல்ல அவர் உடன்படவில்லை. விடியும்வரை நாமும் அவ்வீதியோரத்திலேயே இருந்தோம். கூட வேலைசெய்தோரின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.