இரட்டைக் குவளை

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, கல்லூரித் தோழன் ஒருவன் பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு விஸ்கிப் புட்டி. வாயில் ஒரு புதுச்சொல் - மின்ட் ஜூலெப்! "வெயிலுக்கு இதைவிடக் குளிர்ச்சி வேறில்லை, வீட்டிலேயே செய்யலாம்" என்றான். அம்மா அக்காள் வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டுக்குள் மது நுழைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா மறைந்ததோடு அது நின்றது. வந்த நண்பனிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

செய்முறை எளிது. அம்மா வளர்க்கும் தொட்டியிலிருந்து புதினா இலைகள் பத்துப் பறித்தேன். இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சிறிது நீரும் சேர்த்து, மத்தின் காம்பால் மெல்ல அழுத்தினான், கசக்கிவிட்டால் கசக்குமாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, குழவியால் பொடித்துக் குவளையை நிரப்பினான். அறுபது மில்லி விஸ்கியை ஊற்றி, குவளையின் புறம் வியர்க்கும்வரை கலக்கினான். மேலே ஒரு புதினாக் கொத்து. பார்வைக்கு அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஆசிரியன் அல்லவா? சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்ப மனம் வரவில்லை. அதே இலை, அதே சர்க்கரை, அதே பனிக்கட்டி கொண்டு இன்னொரு குவளை செய்தேன். விஸ்கிக்கு மாறாக எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். இரண்டையும் சுவைத்துப் பார்க்கச் சொல்லி, "குளிர்ச்சி எதில் அதிகம்?" என்று கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான்" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டான்.

அறிவியலும் அதையே சொல்கிறது. புதினாவில் உள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. அந்த உணர்வுவாயிலை 2002இல் கண்டறிந்தவர்களுள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் அடங்குவர். வெப்பமும் தொடுதலும் உணரப்படும் வழியை ஆராய்ந்ததற்காக இருவரும் 2021இல் நோபெல் பரிசு பெற்றனர். மதுவோ தோலின் குருதி நாளங்களை விரித்து, வெப்பமாக உணரச் செய்கிறது. உடலின் நீரையும் வெளியேற்றுகிறது. குளிர்ச்சி பனிக்கட்டிக்கும் புதினாவுக்கும் உரியது. புகழ் மட்டும் விஸ்கிக்கு!

இந்தப் பானத்தின் வரலாறும் இத்தகையதே. பன்னீரைக் குறிக்கும் 'குலாப்' என்ற பாரசீகச் சொல்லே, அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் 'ஜூலெப்' ஆயிற்று. மருந்தைக் கலந்து கொடுக்கும் இனிப்புநீருக்கு அங்கே அது பெயர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புதினா ஊறிய மதுவைக் காலையிலேயே அருந்தினார்கள் என்று, ஜான் டேவிஸ் என்ற ஆங்கிலேயப் பயணி 1803இல் வெளிவந்த நூலில் எழுதினார். அந்த நாட்டுப் பண்ணையார்களின் வயலில் உழுதவரும் அடுக்களையில் உழைத்தவரும் கறுப்பின அடிமைகள். டென்னசியில் ஜாக் டேனியலுக்கு விஸ்கி வடிக்கக் கற்பித்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின மனிதர், அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர். அந்த நிறுவனம் அவர் பங்கை வெளிப்படையாகப் போற்றத் தொடங்கியது 2016இல்தான். குடித்தவன் கனவான், வடித்தவன் அடிமை!

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருவில் தள்ளாடி வந்த ஒருவர் குழாயடியில் விழுந்தார். சன்னல் வழியே பார்த்த நண்பன், "இந்த ஆட்களே இப்படித்தான்; குடித்தே கெட்டார்கள்" என்றான். அவன் கையில் குவளை அப்படியே இருந்தது.

விழுந்தவரை நான் அறிவேன். வார்ப்புப் பட்டறையில் வேலை செய்பவர். அவர் மகள் என் வகுப்பில் இரண்டாம் பலகையில் அமர்பவள். என் அப்பாவும் பட்டறைத் தொழிலாளிதான். கூலி வாங்கிய சனிக்கிழமைகளில் அவரும் அதே குழாயடியில் விழுந்ததுண்டு. அன்று தெரு சொன்னதும் இதே சொற்கள்தாம். அதை அப்போதுதான் நண்பனிடம் சொன்னேன். அவன் குவளையைக் கீழே வைத்தான். இருவரும் வெளியே சென்று, அவரைத் தூக்கி வீடு சேர்த்தோம். கதவைத் திறந்த மாணவி, "வாங்க சார்" என்றாள். பிறகு தலை நிமிரவே இல்லை.

ஏழையின் குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மது அரிக்கும் ஈரலுக்குச் சாதியும் தெரியாது, சம்பளமும் தெரியாது. நம் தீர்ப்புக்கு மட்டும் ஏன் அவை தெரிகின்றன? குழாயடியில் விழுந்தால் குடிகாரன். கூடத்தில் புதினா செருகிக் குடித்தால் நாகரிகனா? தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்துப் பேசும் இளைஞர்களே, நம் நெஞ்சில் இருக்கும் இரட்டைக் குவளையை என்று உடைக்கப் போகிறோம்?

இப்போது மாலை நேரங்களில் எங்கள் திண்ணையில் ஐந்தாறு பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அவளும் ஒருத்தி. வெயில் மிகுந்தால், அம்மா புதினாவும் எலுமிச்சையும் கலந்து கொடுக்கிறார். எல்லோருக்கும் ஒரே வகைக் குவளைதான்.