கச்சானும் வாடையும் வீசும் ஊர்

மட்டக்களப்புக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது தண்ணீர்தான். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி. சூரியன் எழும் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர். சூரியன் படும் மேற்குக் கரை படுவான்கரை. கரைகளுக்குக்கூட வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்த மக்கள் இவர்கள்.

இந்த ஊரில் நான் ஆனி மாதத்தில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் தங்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே ஊர்தானா என்று நினைக்கத் தோன்றும்.

ஆனியில் வீசுவது கச்சான். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிடும். பிறகு மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடும். இரத்தினபுரியில் மழை என்று வானொலி சொல்லும் நாளில் இங்கே 33, 34 பாகை வெப்பம். உதடு வெடிக்கும், கிணறு வற்றும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடப்பதன் அருமை இந்த வெக்கையில் நின்றால்தான் விளங்கும்.

ஆனால் கச்சான் வருமானமும் தரும். வாகரைப் பக்கத்திலிருந்து 2006 மார்கழியில் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து வந்த ஓர் அக்காவைச் சந்தித்தேன். கணவர் இல்லை. நெல் அவித்து, குற்றி, அரிசியாக விற்கிறார். "புள்ள, கச்சான் அடிச்சா ரெண்டு நாளில நெல்லு காஞ்சிரும். வாடைக்கு நாலு நாளும் காணாது, மணத்துப் போகும்" என்றார். கருவாடு போடுகிறவர்களுக்கும் பாய் இழைக்கப் பன் காயவைக்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஐப்பசியில் காற்று மாறும். பின்னேரங்களில் இடியும் மின்னலும் வரும். கார்த்திகை பிறந்தால் வாடைக்காற்றோடு அடைமழை. ஆண்டில் இங்கே பெய்யும் 1600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் வந்துவிடும். பெரும்போக வயல் இந்த மழையை நம்பித்தான் இருக்கிறது. மழை மிஞ்சினால் வாவி நிரம்பி, படுவான்கரைக் கிராமங்களின் பாதைகள் மூடிவிடும். அப்போது முகத்துவாரத்து மணலை வெட்டி, வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள்.

1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளியை முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 900 பேருக்கு மேல் இறந்தார்கள், தென்னந்தோட்டங்கள் சாய்ந்தன. சூறாவளியின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று திடீரென அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே வருகிறவர்களை எதிர்த்திசையிலிருந்து மீண்டும் காற்று தாக்கும். இதை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதையும் உலுக்கியதைப் பார்த்தோம்.

போர்க்காலத்தில் வானொலியில் செய்தி முடிந்ததும் அதை நிறுத்திவிடுவோம். வானிலை அறிக்கை கேட்க யாருக்கு மனம் இருந்தது? தறப்பாள் கொட்டிலுக்குள் தண்ணீர் வந்தபோதுதான் மழை தெரிந்தது. இப்போது அந்த அறிக்கையையும் நாம் கேட்க வேண்டும்.

கார்த்திகையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் "கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்று வரும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். பத்தடிக்குப் பத்தடி கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 900 லீற்றருக்கு மேல் விழும். அவ்வளவும் உங்கள் முற்றத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று மழைக்கு முன்பே பாருங்கள். வாய்க்கால் அடைபட்டிருந்தால் மண்வெட்டியால் திறந்துவிடுங்கள்.

அறிக்கையில் இன்றைக்கும் நாளைக்கும் சொல்வதைக் கூடுதலாக நம்பலாம். ஐந்தாறு நாளுக்கு அப்பால் சொல்வது மாறக்கூடும். ஆகவே கிழமைத் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு வேலையைத் திட்டமிடுங்கள். நெல் அவிக்கும் நாளில் மறுபடியும் கேளுங்கள். வங்காள விரிகுடாவில் "தாழமுக்கம்" என்ற சொல் வந்தால் தினமும் கேட்க வேண்டும். எச்சரிக்கை மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் ஆயத்தம். சிவப்பு என்றால் காத்திருக்காமல் உடனே செயற்படுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

சகோதரிகளே, நம்மில் பலருக்குச் சொத்து என்று மிஞ்சியிருப்பது கடதாசிகள்தான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, காணாமற்போனவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு, அவருடைய ஒரேயொரு படம். நனைந்தால் இவற்றைத் திரும்பப் பெற எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். படம் போனால் போனதுதான். பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மூடியுள்ள வாளியில் போட்டு, உயரத்தில் வையுங்கள். ஐப்பசி பிறக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

அந்த அக்கா வானொலியை மட்டும் நம்புவதில்லை. "றேடியோ எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுது. என்ட வளவில தண்ணி எங்க நிக்கும் எண்டு நான்தான் பாக்கணும்" என்றார். வானொலி இல்லாத நான்கு வீடுகளுக்கு மழைச் செய்தியைச் சொல்வதும் அவர்தான். உங்கள் ஒழுங்கையில் அந்த வேலையை யார் செய்வது என்று இந்தக் கிழமையே பேசி முடிவெடுங்கள்.