தலைக்கட்டு வரி

லான்காஸ்டர், இங்கிலாந்து



எங்கள் தெருமுனையில் ஒரு தேவாலயம், அதை ஒட்டி ஒரு ஹால். ஹால் வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை தொங்குகிறது. திங்கள் மாலை யோகா, புதன் தியானம், சனிக்கிழமை ‘ஒலிக் குளியல்’ (கிண்ணங்களைத் தட்டி ஓசை எழுப்புவார்கள், நாம் கண்ணை மூடிப் படுத்துக் கிடக்க வேண்டும்), ஞாயிறு காலை 10 மணிக்கு ஆராதனை. திங்கட்கிழமை ஐந்து நிமிஷம் பிந்திப் போனால் பாய் விரிக்க இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ஒருமுறை போனேன். என்னையும் சேர்த்துப் பதினைந்து தலை. நரைக்காதது என்னுடையது மட்டும், அதுவும் சாயத்தின் தயவில்.

பாட்டிக்கு 83 வயது. ஹாலின் சாவியும் கணக்கு நோட்டும் அவரிடம்தான் இருக்கின்றன. “திங்கட்கிழமை வாடகையில்தான் ஞாயிற்றுக்கிழமை கணப்பு எரிகிறது” என்று சிரிக்காமல் சொன்னார்.

அவர் கணக்கு நோட்டில் இருப்பதைத்தான் அரசாங்கக் கணக்கும் சொல்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் பற்றிய கேள்வி 2001-இல் சேர்ந்தது. விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம். அந்த ஆண்டு 71.7 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள். 2021-இல் அது 46.2 சதவீதம், முதன்முறையாகப் பாதிக்கும் கீழே. ‘மதம் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டவர்கள் இதே இருபது ஆண்டில் 14.8 சதவீதத்திலிருந்து 37.2 ஆகிவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. என் பக்கத்துப் பாய்க்காரி அந்தக் கட்டத்தில் டிக் போட்டவள்தான். கழுத்தில் ஓம் டாலர், வீட்டு ஜன்னலில் புத்தர், பௌர்ணமி என்றால் விரதம்.

அப்படியானால் கோயில் காலியாகி யோகா அறை நிரம்புகிறது, கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லலாமா? அந்தக் கணக்கை இங்கேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த ஆய்வாளர்கள் பால் ஹீலாஸும் லிண்டா வுட்ஹெட்டும் ஒரு குழுவோடு, 2000-ஆம் ஆண்டு தொடங்கி, அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் கெண்டல் என்ற சிற்றூரில் போய் உட்கார்ந்தார்கள். பெப்பர்மின்ட் மிட்டாய்க்குப் பேர் போன ஊர் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தேவாலயங்களின் வாசலிலும் தலை எண்ணினார்கள். ஊர் ஜனத்தில் 8 சதவீதம் தேறியது. பிறகு ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் யோகா, ரெய்கி, தாய்ச்சி, தியானம் என்று தெருத் தெருவாகத் தேடி எண்ணினார்கள். வாரத்துக்குச் சுமார் 600 பேர், 1.6 சதவீதம். அதில் 80 சதவீதம் பெண்கள், பெரும்பாலோர் நடுவயதை எட்டியவர்கள். 2005-இல் வந்த அவர்கள் புத்தகத்தின் தலைப்பு ‘ஆன்மீகப் புரட்சி’. புரட்சி இன்னும் வரவில்லை, போகிற போக்கைப் பார்த்தால் வரலாம் என்பது உள்ளே இருக்கும் செய்தி. டேவிட் வோவாஸ், ஸ்டீவ் புரூஸ் போன்ற சமூகவியலாளர்கள் அதற்கும் ஒப்பவில்லை. இந்த 600 பேரிலும் கணிசமானோர் வந்தது இடுப்பு வலிக்கும் மன அலுப்புக்கும்தான், இதை எப்படி ஆன்மீகக் கணக்கில் வரவு வைப்பீர்கள் என்று கேட்டார்கள். என் இடுப்பைக் கேட்டால் அது அவர்கள் பக்கம்தான் பேசும்.

ஒரு சிக்கல் நம் மொழியிலும் உண்டு. ‘எனக்கு மதம் கிடையாது, ஆனால் ஆன்மீகம் உண்டு’ என்பது இங்கே டீ குடிக்கும்போது சொல்லும் சாதாரண வாக்கியம். அதைத் தமிழில் சொன்னால் யாருக்கும் விளங்காது. நம் பத்திரிகைகளில் ஆன்மீகம் என்றால் தல புராணம், கும்பாபிஷேகம், குருப்பெயர்ச்சி பலன். மதத்தைக் கழித்துவிட்டால் அந்த இணைப்பிதழில் விளம்பரம்தான் மிஞ்சும். அம்மாவிடம் போனில் விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ அவங்க வெள்ளிக்கிழம கறி திம்பாவளா, மாட்டாவளா?” என்றாள். கேள்வி சின்னது என்று நினைத்தேன். யோசித்தால், விஷயத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. நீ என்ன உணர்கிறாய் என்று அம்மா கேட்கவில்லை. உனக்கு என்ன கட்டுப்பாடு, யாரோடு சேர்ந்து, என்றைக்கு என்று கேட்கிறாள்.

கிரேஸ் டேவி என்ற சமூகவியலாளர் 1994-இல் பிரிட்டிஷ்காரர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கடவுளை நம்புகிறார்கள், எந்தச் சபையிலும் சேர மாட்டேன் என்கிறார்கள் என்பது அதன் சாரம். படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். அவர் அதற்கு நேர் எதிர். தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். அப்பா பெரியார் புத்தகங்களை அட்டை போட்டு வைத்துப் படித்தவர். அம்மன் கோயில் படி ஏறியதில்லை. ஆனால் கோயில் கொடைவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிக்க நாட்டாமை நோட்டோடு வந்தால், திண்ணையில் உட்கார வைத்து முதல் ஆளாகப் பணம் எண்ணிக் கொடுப்பார். “சாமி இல்லன்னு சொல்லுதீய, பொறவு எதுக்குப்பா குடுக்கீய?” என்று கேட்டேன். “சாமிக்கா குடுக்கேன்? ஊருக்குல்லா குடுக்கேன், ஏட்டி” என்றார். அவர் இறந்த அன்று பந்தல்கால் ஊன்றவும் பதினாறு நாளும் சோறு வைக்கவும் வந்தது அந்த நோட்டில் பெயர் இருந்தவர்கள்தான். நம்பிக்கை இல்லாமல் சேர்ந்திருந்தவரை ஊர் கைவிடவில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த நோட்டு ஓடைக்கரையோடு நின்றுவிடும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த முப்பது வீட்டில் வரி கேட்டதே இல்லை. வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும். சப்பரம் அந்தத் தெருவுக்கும் போக வேண்டும். இங்கேயும் கதை வேறில்லை. எங்கள் யோகா ஆசிரியை ஒரு காலத்தில் தன் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்ய விரும்பியபோது, பீடத்தின் முன் இடமில்லை என்று பாதிரியார் சொல்லிவிட்டாராம். “கடவுளோடு எனக்குத் தகராறு இல்லை. வாசலில் நின்றவர்களோடுதான்” என்றார். யோகா அறையில் அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஒன்பது பவுண்டு கொடுத்தால் போதும். நோட்டு கிடையாது, ஓடையும் கிடையாது.

கோயிலுக்கு வெளியே தேடிப் புறப்பட்ட முதல் தலைமுறை இது இல்லை. கெண்டலுக்குக் கிழக்கே ஃபர்பேங்க் என்ற குன்று இருக்கிறது. 1652 ஜூன் மாதம் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற போதகர் அங்கே ஒரு பாறைமேல் நின்று சுமார் ஆயிரம் பேரிடம் மூன்று மணி நேரம் பேசினார். கேட்க வந்தவர்களில் பலருக்கு அப்போதே ‘தேடுவோர்’ என்றுதான் பெயர். சற்றுத் தள்ளி ஒரு சிற்றாலயம் இருந்தும் அவர் உள்ளே நுழையவில்லை. குருக்கள் வேண்டாம், சடங்கு வேண்டாம், உள்ளே ஓர் ஒளி இருக்கிறது, அமைதியாக உட்கார்ந்தால் தெரியும் என்றார். இன்று புதன்கிழமை தியான வகுப்பில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவரைப் பின்பற்றி, குவேக்கர் என்று அழைக்கப்பட்டவர்கள் தேவாலயத்துக்கான தசமபாகத்தைத் தர மறுத்தார்கள். அவர்கள் நாட்டில் தலைக்கட்டு வரி சட்டமாகவே இருந்தது. தேவாலயப் பராமரிப்பு வரியைக் கட்டாயமில்லை என்று ஆக்கவே 1868 வரை ஆயிற்று. ஃபாக்ஸும், அந்த இயக்கத்தின் தாய் என்று சொல்லத்தக்க மார்கரெட் ஃபெல்லும் அடைபட்டுக் கிடந்த லான்காஸ்டர் கோட்டை என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது.

ஆனால் அந்தத் தேடுவோர் பாறையை விட்டு இறங்கியதும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1654-இல் மார்கரெட் ஃபெல் ஒரு உண்டியல் தொடங்கினார். கெண்டல் நிதி என்று பெயர். ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்களுக்கு வழிச்செலவு, சிறையில் கிடந்தவர்களுக்கு உதவி. வரி தர மறுத்தவர்கள் தங்களுக்குள் ஒரு வரி பிரித்துக்கொண்டார்கள். அவர்களோடு புறப்பட்ட எத்தனையோ தேடல்களின் பெயர்கூட இன்று இல்லை. குவேக்கர்கள் கெண்டலில் இன்றும் கூடுகிறார்கள். உள்ளொளி மட்டும் அவர்களை 370 ஆண்டு இழுத்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த உண்டியலுக்கும் பங்கு உண்டு.

போன மாதம் எங்கள் யோகா ஆசிரியை பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வகுப்பு இல்லை என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. மறுநாள் ஒன்பது பவுண்டு வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. ஒரு பைசா பிசகவில்லை. நானும் ‘சீக்கிரம் குணமாகுங்கள்’ என்று ஒரு வரி அனுப்பினேன். அவர் தனியாக இருக்கிறார் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியை அவரிடம் ஹால் சாவி வாங்க வருகிறவர் ஆயிற்றே. சனிக்கிழமை காலை என் கதவைத் தட்டினார். கையில் கோடு போட்ட தாள் ஒன்று. திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் பெயர் எழுதியிருந்தது; எல்லாம் ஆராதனையில் என்னைத் தவிர இருந்த அந்தப் பதினான்கு தலைகளின் பெயர்தான். ஆசிரியை எந்தச் சபை, என் சாமி எது என்றெல்லாம் பேச்சே எழவில்லை. வியாழனுக்கு நேரே இடம் காலியாக இருந்தது.

“உனக்கு எழுதிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நாளை வியாழன். புளி ஊற வைத்திருக்கிறேன். ஒற்றைக் கையால் குடிக்க ரசம் வசதி. மிளகைத்தான் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் லான்காஸ்டர்க்காரி